இறங்க வேண்டியது இறங்கட்டும்: தி.நகர் வீட்டுக்காரர்களுக்கு ஊடுருவல் பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

தி.நகரில் குடியிருப்பவருக்கு ஐப்பசியில் ஒரு கவலை, சித்திரையில் இன்னொரு கவலை. ஐப்பசியில் வாசலில் முழங்கால் தண்ணீர். சித்திரையில் தண்ணீர் லாரிக்குப் போன். இதற்கு நடுவே வருஷம் முழுக்கப் படுக்கையறைச் சுவரில் உப்புப் பூத்த ஒரு திட்டு. முதலாவதற்கு கார்ப்பரேஷனைத் திட்டுகிறோம், இரண்டாவதற்கு மெட்ரோ வாட்டரைத் திட்டுகிறோம், மூன்றாவதற்கு பெயின்டரைக் கூப்பிடுகிறோம். மூன்றும் ஒரே கோளாறு என்பது என் கட்சி. தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும், அந்த வழியை சிமென்ட் போட்டு அடைத்துவிட்டோம். சுவருக்குள்ளும் சாக்கடைக் குழாய்க்குள்ளும் அது போகக் கூடாது, அங்கே கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்.

ஊடுருவல் என்று நீரியல்காரர் சொல்வது மழை மண்ணுக்குள் இறங்குவதை. கட்டடப் பொறியாளர் சொல்வது ஜன்னல் இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே வருவதை. கழிவுநீர்ப் பொறியாளருக்கு அது நிலத்தடி நீர் சாக்கடைக் குழாய்க்குள் கசிவது. டிரிப்ஸ் ஊசி நழுவி கை வீங்கினால் நர்ஸ் ஒருவர் இதே பெயரைத்தான் குறிப்பேட்டில் எழுதுவார். ஊர் சுற்றிகளுக்கும் ஓர் ஊடுருவல் உண்டு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இவற்றில் முதல் மூன்றை உங்கள் வீட்டிலும் தெருவிலும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தேவையானவை: ஒரு ஸ்கேல், ஒரு காலி பெயின்ட் டப்பா, செல்லோ டேப், அலுமினியத் தாள், ஊதுபத்தி, ஒரு பாட்டில் சொட்டு நீலம்.

படி 1: ஏரி எங்கே இருந்தது என்று நடந்து பாருங்கள்

தி.நகரின் பெரும்பகுதி ஏரிப் படுகை. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே அடையாற்றுப் பக்கம் வரை நீண்டு கிடந்த அந்த நீர்ப்பரப்பை வெள்ளைக்காரர்கள் ‘லாங் டேங்க்’ என்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதில் படகுப் போட்டிகூட நடந்தது. நகரத்தில் வீட்டுப் பஞ்சம் வந்தது, 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது, 1923 தொடங்கி ஏரியை வடித்து மனை போட்டார்கள். நீதிக்கட்சி ஆட்சி. 1925இல் காலமான சர் பிட்டி தியாகராயர் பெயரை ஊருக்கு வைத்தார்கள். முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பூங்காவானார், அதே கட்சியின் நடேச முதலியாரும் பூங்காவானார், உஸ்மான் சாலையானார். அரசியல் வரலாற்றை பஸ் நிறுத்தங்களாகப் படிக்க விரும்பினால் இதைவிட நல்ல பேட்டை சென்னையில் இல்லை.

ஏரி போனாலும் அதன் விளிம்பு பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. அங்கே நின்று கிழக்கே பார்த்தால் இன்று தெரிவது ரயில் பாதையும் அடுக்குமாடிகளும்தான். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, பக்கத்திலேயே லேக் ஏரியா. 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம் ஏரியின் மிச்சம் இருந்த இடத்தில் எழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வள்ளுவர் கோட்டத்தில் தொடங்கி தெற்கே நடங்கள். சாலை எங்கே லேசாகச் சரிகிறது, எங்கே மழைக்குப் பின் சேறு தங்குகிறது, எந்தப் பழைய வீட்டின் வாசற்படி இன்று தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். வாசற்படி தாழவில்லை. ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டதில் தெரு உயர்ந்தது.

வள்ளுவர் கோட்டம் பக்கத்திலிருந்து கிளம்பும் மாம்பலம் கால்வாய் தி.நகருக்குள் புகுந்து நந்தனம் அருகே அடையாற்றில் சேர்கிறது. ஏரிக்குப் போக வேண்டிய தண்ணீருக்கு இன்றிருக்கும் வழி ஏறக்குறைய இது ஒன்றுதான். 2021 நவம்பர் 6 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் நுங்கம்பாக்கம் மழைமானியில் 20 செ.மீ.க்கு மேல் பதிவானபோது, கால்வாயில் வேலை நடந்துகொண்டிருந்தது, உள்ளே கட்டட இடிபாடும் கிடந்தது. ஜி.என். செட்டி சாலை, தணிகாசலம் சாலை, துரைசாமி சுரங்கப்பாதை எல்லாம் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் வெள்ள அபாயத்தைக் குறைக்க அரசு ஒரு குழு அமைத்தது.

ஊர் சுற்றிகள் பேச்சு இங்கே பொருந்தும். கனடாவின் டொராண்டோவில் ஜெஃப் சாப்மன் என்பவர் 1996 முதல் ‘ஊடுருவல்’ என்ற பொருளில் பெயரிட்டு ஒரு சிற்றிதழ் நடத்தினார். ஹோட்டல் பின்கட்டு, கைவிட்ட ஆஸ்பத்திரி, மழைநீர்ச் சுரங்கம் என்று பொதுஜனம் போகாத இடங்களுக்குப் போய் எழுதுவது அதன் வேலை. 2005இல் அவர் இறந்தார். அந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். சென்னையில் அதை நடைபாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கே மேன்ஹோலுக்குள் இருக்கும் வாயு, மூடியைத் திறந்து குனிந்தவரையே சாய்த்திருக்கிறது. பாதுகாப்புக் கருவியில்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தும் சாவுகள் நிற்கவில்லை. சாகசத்துக்காக ஒருவர் அதில் தலையை விடுவது அந்தத் தொழிலாளிகளை அவமதிப்பதும் ஆகும்.

படி 2: மண்ணிடம் கேளுங்கள்

தென்சென்னையில் மண் தெருவுக்குத் தெரு மாறும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்கரை மணல், தண்ணீரை ஊற்றினால் சத்தமில்லாமல் குடித்துவிடும். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் சீக்கிரமே பாறை தட்டும். நம் ஏரிப் படுகையில் மேலே களி, அதன் கீழே பல இடங்களில் மணல். பக்கத்து மனையில் பில்லர் குழி தோண்டும்போது போய் நின்று பாருங்கள். சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று வருவது களி. எத்தனை அடிக்குக் கீழே பழுப்பு மணல் தொடங்குகிறது என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். அந்த ஓர் எண் நாலாம் படியில் உங்களுக்குப் பெரிய செலவை மிச்சப்படுத்தும்.

இப்போது சோதனை. 20 லிட்டர் பெயின்ட் டப்பாவின் அடியை வெட்டி எடுத்துவிட்டால் ஒரு வளையம் கிடைக்கும். வீட்டைச் சுற்றி சிமென்ட் போடாத மண் எங்காவது ஒரு முழம் இருந்தால் அங்கே, இல்லையென்றால் தெரு மரத்தடியில், அதை நாலு விரல் ஆழத்துக்கு மண்ணில் அழுத்தி இறக்குங்கள். உள்ளே ஸ்கேலை நிறுத்தி வையுங்கள். வளையத்தைச் சுற்றியும் ஒரு பாத்தி கட்டி அதிலும் தண்ணீர் நிரப்புங்கள். இது முக்கியம். சுற்றிலும் காய்ந்த மண் இருந்தால் உள்ளே ஊற்றிய தண்ணீர் கீழே போகாமல் பக்கவாட்டில் ஓடி உங்களை ஏமாற்றும். ஆய்வுக்கூடத்தில் இதற்காகவே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம் வைக்கிறார்கள்.

முதல் டப்பா தண்ணீர் மளமளவென்று இறங்கும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். காய்ந்த மண்ணின் இடுக்குகள் நிரம்பும் வேகம் அது. மண் ஊற ஊற வேகம் குறைந்து ஒரு நிலைக்கு வந்து நிற்கும் என்று அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஹார்ட்டன் 1933இல் எழுதினார். அந்தக் கடைசி வேகம்தான் நமக்கு வேண்டியது, ஏனென்றால் அடைமழை வரும்போது மண் ஏற்கெனவே ஊறித்தான் இருக்கும். ஆகவே இரண்டு, மூன்று முறை நிரப்பிவிட்டு, அதன் பிறகு ஒரு மணி நேரத்தில் ஸ்கேலில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 மி.மீ.க்கு மேல் என்றால் மணல். 10 முதல் 20 என்றால் நல்ல தோட்ட மண். 5க்குக் கீழே என்றால் களி. தி.நகரில் கடைசி விடைதான் வரும் என்று எதிர்பார்த்தே தொடங்குங்கள். அதே இடத்தில் புல்லோ வேரோ இருந்தால் எண் கொஞ்சம் ஏறும், வண்டி நிறுத்தி இறுகிய மண்ணென்றால் இறங்கும்.

வானத்திலிருந்து மணிக்கு 40 மி.மீ. கொட்டும்போது மண் 5 மி.மீ. குடித்தால் மிச்சம் 35 தெருவுக்குத்தான் போகும். மழைநீர் வடிகால் எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் இந்தக் கழித்தல் கணக்கு மாறாது. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த நடைபாதை வளாகம் நடப்பதற்குச் சுகமானது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கருங்கல் பதித்த தரை குடிப்பது பூஜ்யம்.

படி 3: மொட்டை மாடியின் கணக்கு

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். இது தெரிந்தால் மற்றதெல்லாம் வாய்க்கணக்கு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். அதில் கட்டிய அடுக்குமாடிக்கு மொட்டை மாடி 1,500 சதுர அடி என்று வையுங்கள், சுமார் 139 சதுர மீட்டர். 10 செ.மீ. மழை ஒரு நாள் பெய்தால் 13,900 லிட்டர். ஆவியானது, தெறித்தது, ஓட்டின் சூடு உறிஞ்சியது எல்லாம் கழித்தாலும் 12,000 லிட்டர் நிற்கும். ஒரு பெரிய தண்ணீர் லாரி. சென்னைக்கு வருஷ சராசரி மழை சுமார் 140 செ.மீ., அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆக, மாடியிலிருந்து மட்டும் வருஷத்துக்குப் பதினாலு லாரி. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது ஒரு லாரிக்கு நீங்கள் எத்தனை நாள் காத்திருந்தீர்கள், என்ன விலை கொடுத்தீர்கள் என்பதை இதோடு பெருக்கிக்கொள்ளலாம்.

படி 4: உறைகிணறு

2003இல் ஜெயலலிதா அரசு எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சேகரிப்பு இல்லையென்றால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்ற மிரட்டலும் இருந்தது. நகரம் முழுக்கக் குழி தோண்டினார்கள். கிணறுகளில் மட்டம் ஏறியது உண்மை. ஆனால் கெடு தேதிக்குப் பயந்து மூணடிக் குழி வெட்டி, கூழாங்கல் போட்டு, அதிகாரி பார்த்ததும் மூடியவையும் ஏராளம். உங்கள் வீட்டு மழைநீர்க் குழி எங்கே இருக்கிறது என்று வாட்ச்மேனைக் கேட்டுப் பாருங்கள். கார் நிறுத்தும் இடத்தில் ஓட்டை போட்ட ஒரு ஸ்லாபைக் காட்டுவார். தூக்கிப் பார்த்தால் உள்ளே விளிம்பு வரை வண்டல்.

சட்டம் வருவதற்கு முன்பே, 1990களில், பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய் இதைச் சொன்னவர் சேகர் ராகவன், இயற்பியல் படித்தவர். மந்தைவெளியில் 2002இல் தொடங்கிய மழை மையத்தை அவர்தான் நடத்தினார். வீட்டில் பழைய கிணறு இருந்தால் அதில் விடுங்கள், இல்லையென்றால் உறைகிணறு தோண்டுங்கள், மழைநீரை மண்ணுக்குள் அனுப்ப வீட்டளவில் அதைவிட நல்ல வழி இல்லை என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

உறைகிணறு என்பது 3 அடி விட்டத்தில் சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியது. ஆழம் 10 முதல் 16 அடி. அடியில் பூச்சு கிடையாது, உறைகளுக்கு நடுவே சாந்தும் கிடையாது, அந்த இடுக்கு வழியாகத்தான் நீர் பக்கவாட்டில் போகும். சில கொத்தனார்கள் சுத்தமாக வேலை செய்வதாக நினைத்து இடுக்குகளைப் பூசிவிடுவார்கள். நின்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே கல், மணல், கரி எதுவும் நிரப்பாதீர்கள். காலியாக இருந்தால்தான் வருஷா வருஷம் ஆள் இறக்காமல் மேலிருந்தே வண்டலை வாரலாம்.

3 அடி விட்டம், 15 அடி ஆழம் என்றால் கொள்ளளவு சுமார் 3,000 லிட்டர். மாடியிலிருந்து வருவதோ 12,000. அப்படியென்றால் பெய்யும் நாளிலேயே கிணறு நாலு முறை நிரம்பி வடிய வேண்டும். களியில் நிறுத்திய உறைகிணறு இதைச் செய்யாது. அடுத்த நாள் காலையிலும் முந்தின நாள் தண்ணீர் அசையாமல் நிற்கும். இரண்டாம் படியில் மேஸ்திரியிடம் கேட்ட எண் இப்போது வேலைக்கு வருகிறது. மணல் 12 அடியில் தொடங்கினால் உறையை 14 அடிக்கு இறக்குங்கள். 25 அடியில்தான் என்றால் உறை 10 அடியோடு நிற்கட்டும், அதன் நடுவிலிருந்து மணல் வரை ஒரு போர் போட்டு, துளையிட்ட பைப்பை இறக்குங்கள். அந்தப் பைப்பின் வாய் கிணற்றின் தரையைவிட ஒரு முழம் உயரமாக இருக்கட்டும், வண்டல் கீழே தங்கும், தெளிந்த நீர் மட்டும் போருக்குள் போகும்.

கவனிக்க வேண்டிய மூன்று விஷயம் உண்டு. கிணறு அஸ்திவாரத்திலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். மூடி கனமான ஆர்.சி.சி. ஸ்லாபாக, கொசு நுழையாத வலையோடு இருக்க வேண்டும். மேலே ஒரு உபரிக் குழாய் வைத்து மழைநீர் வடிகாலில் சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் கார்த்திகை பிறந்தால் நிலத்தடி மட்டமே மேலே வந்து நின்றுகொண்டு இனி இடமில்லை என்று சொல்லும் நாட்கள் வரும். வாசல் கேட்டுக்குக் குறுக்கே ஒரு முழ அகலத்தில் வாய்க்கால் வெட்டி, ஓட்டை ஸ்லாப் மூடி, அதையும் இன்னொரு உறைகிணற்றில் சேர்த்தால் தரையில் விழுவதும் வெளியே ஓடாது. கார் கழுவும் சோப்புத் தண்ணீர் அதில் போகக் கூடாது என்று டிரைவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அடையாறு, பெசன்ட் நகர்வாசிகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு மண் பிரச்சினை இல்லை, கடல் பிரச்சினை. கடலோர மணலில் நன்னீர் உப்புநீருக்கு மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை உப்புநீர் விலகியிருக்கும். அந்த ஓர் அடியை மோட்டார் போட்டு இறைத்துவிட்டால், கீழிருந்து 40 அடியும் ஏறி வரத் தொடங்கும். நீங்கள் இறக்கும் ஒவ்வொரு மழையும் கடலைத் தள்ளி நிறுத்துகிறது.

படி 5: சுவர்

“சார், உங்க பாத்ரூம்ல இருந்துதான் வருது.”

“எங்க வீட்ல ஒரு சொட்டு லீக் கிடையாது மேடம், நீங்க வேணா வந்து பாருங்க.”

தி.நகரின் அடுக்குமாடிகளில் மாடிப்படியிலேயே நடக்கும் இந்த வழக்குக்குத் தீர்ப்பு சொல்ல நீதிபதி தேவையில்லை. மேல்வீட்டு பாத்ரூமின் வடிகால் வாயைத் துணி வைத்து அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் விடுங்கள். கீழ்வீட்டுக் கூரையில் திட்டு பெரிதானால் தரையில் கோளாறு. ஆகவில்லை என்றால் குழாயைப் பாருங்கள்: எல்லாக் குழாயையும் மூடிவிட்டு ராத்திரி ஓவர்ஹெட் டேங்கின் மட்டத்தைக் குறித்து, காலையில் மறுபடி பாருங்கள்.

தரைத்தளச் சுவரில் கீழிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு வரிசையாக ஈரமும் வெள்ளை உப்பும் இருந்தால் அது ஓதம். செங்கல்லின் நுண்துளை வழியாக மண்ணின் ஈரம் ஏறுகிறது. துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு உயரம் ஏறும். அஸ்திவாரத்துக்கு மேல் டி.பி.சி. என்ற தடுப்புப் பூச்சு போடாத பழைய வீடுகளிலும், தெரு உயர்ந்து அந்தப் பூச்சையே மண்ணுக்குள் தள்ளிவிட்ட வீடுகளிலும் இது சகஜம். சந்தேகம் இருந்தால் திட்டின் மேல் ஒரு சாண் அலுமினியத் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது சுவர்ப்பக்கம் ஈரமாக இருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் வியர்த்திருந்தால் காற்றின் ஈரம், அதற்கு எட்டாம் படி.

இதற்குப் புட்டி அடித்து டிஸ்டெம்பர் பூசுவது காசைக் கரியாக்குவது. அடுத்த தீபாவளிக்குள் பொரபொரவென்று உதிர்ந்துவிடும். முதலில் ஊற்றை நிறுத்துங்கள், சுவர் முழுதாகக் காய ஒரு கோடை கொடுங்கள், அப்புறம் பூச்சு.

படி 6: மாடி

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் மிச்சமிருக்கும் சில வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் இன்னும் உண்டு. தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த படை, அதன்மேல் தட்டோடு. அந்தச் சுண்ணாம்புப் படையை மரப்பலகையால் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் தட்டுவார்கள், இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பார்கள். தண்ணீர் புகாத கூரை அந்தப் பொறுமையில்தான் கிடைத்தது. அந்த மாதிரி மாடி உங்களுக்கு இருந்தால் மேலே சிமென்ட் கொட்டி ‘பலப்படுத்த’ விடாதீர்கள். சிமென்ட் இறுகி விரிசல் விடும், அடியில் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உத்தரத்தை அரிக்கும்.

கான்கிரீட் மாடிக்கு வைத்தியம் எளிது. வாட்டம் சரியாக வடிகுழாயை நோக்கி இருக்கிறதா, ஓடுகளின் நடுவே சாந்து விட்டிருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகும் மாடிகளில் முதலில் பார்க்க வேண்டியது அந்த மூலை. பிறகு டிஷ் ஆன்டெனாவுக்கும் சோலார் ஹீட்டருக்கும் போட்ட போல்ட் ஓட்டை.

படி 7: சொட்டு நீலம்

சென்னையில் மழைநீருக்குத் தனிக் குழாய், கழிவுநீருக்குத் தனிக் குழாய். காகிதத்தில். நிஜத்தில் மாடியின் வடிகுழாயை யாரோ ஒரு காலத்தில் அருகிலிருந்த சாக்கடைச் சேம்பரில் செருகியிருப்பார்கள். மழை வந்ததும் தெருவில் மேன்ஹோல் பொங்குவதற்கும், தரைத்தளக் கழிப்பறை திரும்பி அடிப்பதற்கும் அது ஒரு காரணம். இன்னொன்று, மழைக்காலத்தில் ஏறிய நிலத்தடி நீர் பழைய குழாயின் மூட்டுகள் வழியே உள்ளே நுழைவது. கோடையில் இதே மூட்டு வழியாக எதிர்த்திசையில் கழிவு வெளியே கசிந்து உங்கள் கிணற்றை எட்டும்.

சோதனை: மாடி வடிகுழாயில் ஒரு வாளி தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றுங்கள். கீழே உங்கள் வீட்டுச் சேம்பரின் மூடியை பிளம்பர் ஒருவர் திறந்து, விலகி நின்று பார்க்கட்டும். நீலம் அங்கே வந்தால் அன்றைக்கே குழாயைப் பிரித்து உறைகிணற்றுக்குத் திருப்புங்கள். வராவிட்டாலும் நல்ல மழை நாளில், வீட்டில் எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது ஒருமுறை பாருங்கள். அப்போதும் சேம்பரில் தெளிந்த நீர் ஓடினால் மூட்டு எங்கோ விட்டிருக்கிறது.

படி 8: காற்று

ஏ.சி. ஓடும் அறையில் கதவு, ஜன்னல் ஓரமாக ஊதுபத்தியைக் கொண்டு போங்கள், ஃபேனை நிறுத்திவிட்டு. புகை நேராக ஏறினால் சரி, உள்ளே சாய்ந்தால் அங்கே இடுக்கு. சென்னையின் ஈரக்காற்று அந்த வழியாக வந்து குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கிறது. பீரோவின் பின்னால் பூஞ்சை அப்படித்தான் வருகிறது. கதவடியில் ரப்பர் பட்டை, ஜன்னல் ஓரம் சிலிகான், போதும். அடுக்களையையும் ஏ.சி. இல்லாத அறையையும் இப்படி அடைத்துவிடாதீர்கள். அங்கே காற்று வரத்தான் வேண்டும்.

படி 9: எப்போது எதைச் செய்வது

தோண்டுவதெல்லாம் சித்திரை, வைகாசியில். நிலத்தடி மட்டம் கீழே இருக்கும், குழியில் ஊற்று வந்து வேலை கெடாது, ஆளும் கிடைப்பார். சுவரும் அப்போதுதான் காயும். ஆடியில் மாடியைக் கழுவி, வடிகுழாய் வாயில் இலை சேராமல் வலை போடுங்கள். ஆவணிக்குள் உறைகிணற்று வண்டலை மேலிருந்தே வாரிவிடுங்கள். புரட்டாசி மழையின் முதல் தண்ணீரை வெளியே விட வடிகுழாயில் ஒரு வால்வு வைத்துக்கொள்ளுங்கள். அதில் காக்கை எச்சமும் தூசியும்தான் இருக்கும்.

அசோசியேஷன் கூட்டத்தில் செலவைப் பேசும்போது எல்லாரும் ஒப்புக்கொள்ள ஒரே வழி எண்ணைக் காட்டுவது. ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு போல்ட் கட்டி, மாதம் பிறந்ததும் கிணற்றில் விடுங்கள். எத்தனையாவது முடிச்சில் நனைகிறது என்று மாடிப்படி அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். கிணறு இல்லாத கட்டடத்தில் மோட்டார் எத்தனை நிமிஷத்தில் டேங்கை நிரப்புகிறது என்பதையும், மாதம் எத்தனை லாரி வந்தது என்பதையும் எழுதலாம். உறைகிணற்றுக்குக் காசு கொடுக்க மறுத்த மூன்றாம் மாடிக்காரரே இரண்டாவது வருஷம் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, இன்னொன்று எங்கே தோண்டலாம் என்று கேட்க வாய்ப்பிருக்கிறது. கேட்டால், கேட் பக்கம் என்று சொல்லுங்கள்.